சார்லாவில் நாங்கள் மொரிஷியஸ்காரர்

1

ஊரில் இருக்கிறவர்களுக்கு ஒரு விசயத்தை முதலில் போட்டு உடைத்துவிடுகிறேன். லண்டனில் இருக்கும் நாங்கள் 'ஹொலிடே போகிறோம்' என்று படம் போட்டால் ஏமாந்து போகாதீர்கள். நாங்கள் போவது சொந்தக்காரர் வீட்டுக்கு. பாரிஸ் என்றால் மச்சான் வீடு, ஜெர்மனி என்றால் சித்தப்பாவின் மகள் வீடு, கனடா என்றால் வாசலுக்கு வாசல். ஏதாவது ஒரு கோபுரத்துக்கு முன்னால் நின்று படம் எடுப்போம். மிச்ச நேரமெல்லாம் சோபாவில் இருந்து ஆட்டிறைச்சிக் கறி சாப்பிட்டுவிட்டு, அந்த வீட்டுப் பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு வீடியோ பார்ப்போம். இதுதான் எங்கள் உலகச் சுற்றுலா.

நான் கிழக்கு லண்டனில் பிளேஸ்டோவில் இருக்கிறேன். பஸ் ஓட்டுகிறேன். மனைவி றீற்றா ஒரு பள்ளிக்கூடத்துக் குசினியில் சமையல் வேலை. ஒரே மகள் மெலனி. படிப்பை முடித்துவிட்டாள், செப்டம்பரில் மான்செஸ்டரில் வேலைக்குச் சேரப் போகிறாள். இந்தக் கோடையில் எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருசம். கோயில் மண்டபத்தைப் பிடித்து, செவன் கிங்ஸ் தமிழ்க் கடையில் சாப்பாட்டுக்குச் சொல்லி, ஊரைக் கூட்டிக் கேக் வெட்டுவதென்று நாங்கள் இருந்தோம். மெலனி மறித்துவிட்டாள்.

அவள் பேசுவதில் பாதிக்கு மேல் ஆங்கிலம். அதை நான் இங்கே தமிழாக்கித்தான் தருகிறேன். "அப்பா, எத்தனை தரம் பிரான்சுக்குப் போயிட்டம்? பிரான்ஸ் எப்பிடி இருக்கும் எண்டு எனக்கு இன்னும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது பிலிப் மாமாவின்ர சோபா மட்டும்தான்" என்றாள்.

பிலிப், றீற்றாவின் சொந்த அண்ணன். பாரிசுக்குப் பக்கத்தில் லா கூர்நேவில் முப்பது வருசமாக இருக்கிறார்.

மெலனி தானே எல்லாவற்றையும் பதிவு செய்தாள். தெற்குப் பக்கம் சார்லா என்று ஒரு பழைய ஊர். கிட்டத்தில் ஆறு, படகு, கோட்டை. ஒரே ஒரு நிபந்தனை. "ஒரு சொந்தக்காரர் வீடும் இல்லை. அங்கை ஆரையாவது கண்டுபிடிச்சு, அவை வீட்டை போய் இருக்கிறதும் இல்லை. ஓமெண்டால் அடுத்த வருசமும் உங்களோட வருவன். இல்லாட்டி இதுதான் நான் உங்களோட வாற கடைசி ஹொலிடே."

கோபமாகச் சொல்லவில்லை. கோப்பை கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். வேலை மான்செஸ்டரில், சிநேகிதர்கள் உலகம் முழுக்க. வருசத்தில் ஒரு கிழமை அவள் எங்களோடு வருவதும் நின்றால் பிறகு என்ன இருக்கிறது? "சத்தியமாக ஓம்" என்றேன்.

றீற்றாவுக்குத்தான் பயம் பிடித்தது. "இஞ்சருங்கோ, பிரான்சுக்குப் போட்டு அண்ணையை எட்டிப் பாக்கேல்லை எண்டால் அவர் என்ர செத்த வீட்டுக்கும் வரமாட்டார்."

"அப்ப சொல்லாதையும்."

"என்னண்டு சொல்லாமல் இருக்கிறது? கேப்பாரே!"

அன்றிரவே அண்ணனிடம் வேல்ஸுக்குப் போகிறோம் என்று சொன்னாள். வேல்ஸில் அவருக்கு ஒருவரையும் தெரியாது. நாங்கள் அறிந்தவரையில் அப்படிப்பட்ட ஒரே இடம் அதுதான்.

2

சின்ன வயதிலும் எனக்கு இதே கதைதான். ஒருமுறை அப்பா எங்களை நுவரெலியாவுக்குக் கூட்டிப் போனார். அவரோடு வேலை பார்த்த ஒருவரின் வீட்டில் தங்கினோம். "மழையாக் கிடக்கு, பிள்ளையள் வெளியில போகாதேங்கோ" என்று அந்த வீட்டம்மா சொல்லிவிட்டார். நுவரெலியாவில் நான் பார்த்தது ஒரு குசினியும் ஒரு கறுப்புப் பூனையும். ஹோட்டலில் அறை எடுப்பதை அப்பா நினைத்தும் பார்க்கமாட்டார். அந்த ஊரில் தனக்கு ஒரு நாதியும் இல்லை என்று சொல்லிக் காட்டுவதாகத்தான் அவருக்குப் படும்.

நானும் அந்த அப்பாவின் பிள்ளைதானே. டோவர் துறைமுக வரிசையில் காரை நிறுத்தியபோதே எனக்கு ஏதோ திருட்டு வேலைக்குப் போவது போல இருந்தது.

போதாததற்கு அங்கே ஒரு கூத்து. றீற்றா முதல் நாள் முழுக்க நின்று ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்து, ஒரு பெரிய டப்பா நிறையக் கொண்டு வந்திருந்தாள். பக்கத்தில் ஒரு போத்தல், செத்தல் மிளகாய் இடித்த கட்டச்சம்பல். வரிசையில் நிற்கும்போது மெலனி போனைப் பார்த்துவிட்டு, "அம்மா, இறைச்சி கொண்டு போகேலாதாம்" என்றாள். பிரித்தானியா ஐரோப்பாவை விட்டு விலகியதிலிருந்து அப்படித்தானாம்.

"உவங்கள் விலகினதுக்கு என்ர ரோல்ஸ் என்ன பாவம் செய்தது?" என்று கேட்டாள் றீற்றா.

குப்பையில் போட மனம் வரவில்லை. காருக்குள் இருந்தே சாப்பிடத் தொடங்கினோம். வரிசை நகர நகர ரோல்ஸும் குறைந்தது. ஏலாமல் போனபோது பக்கத்துக் காரில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பத்துக்குக் கொடுத்தோம். அந்த மனுசன் ஒரு கடி கடித்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வர, பெருவிரலைத் தூக்கிக் காட்டினான். சம்பலில் மாசிக் கருவாடு கிடந்தது. அது இறைச்சிக் கணக்கில் வருமோ வராதோ என்று எங்களுக்குத் தெரியாது. பயத்தில் றீற்றா அதையும் குப்பைத் தொட்டியில் போட்டாள். அதோடு எங்கள் உறைப்பு முழுவதும் இங்கிலாந்திலேயே நின்றுவிட்டது.

எல்லையில் விரல் ரேகை எடுத்தார்கள். "பிரான்சில் சொந்தக்காரர் இருக்கிறார்களா?" என்று ஒரு அதிகாரி கேட்டார். றீற்றா என்னைப் பார்த்தாள். நான் மெலனியைப் பார்த்தேன். "இல்லை" என்றேன். இவ்வளவு கால வாழ்க்கையில் எந்த அதிகாரியிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை.

பிரான்சில் வலப்பக்கம் ஓட வேண்டும். எங்கள் கார் இங்கிலாந்துக் கார், ஸ்டியரிங் வலப்பக்கம். சுங்கவரிச் சாவடிகளில் டிக்கெட் எடுக்கும் மெசின் இடப்பக்கம் நிற்கும். அதனால் ஒவ்வொரு சாவடியிலும் றீற்றா பாதி உடம்பை வெளியே நீட்டி டிக்கெட் எடுத்தாள். ஒரு பஸ் டிரைவருக்குக் கடைசியில் கண்டக்டரும் கிடைத்தாள்.

பாரிசைச் சுற்றும் பெருந்தெருவில் தமிழ்க் கடைத்தெருவான 'லா சப்பல்' என்று பெரிய பலகை தெரிந்த அதே நேரம், பார்த்து வைத்தது போல பிலிப் அண்ணன் வீடியோக் கோல் எடுத்தார். றீற்றா சீட்டைப் பின்னால் சாய்த்துப் படுத்தே விட்டாள். "எடுக்காதேங்கோ! பலகை தெரிஞ்சிடும்!" என்று கத்தினாள். அந்த வழியில் ஒரு திருப்பம் எடுத்தால் கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டுச் சோபா. மெலனி பின்சீட்டில் இருந்து என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நேரே ஓட்டினேன்.

3

சார்லா ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடுகள் எல்லாம் தேன் நிறக் கல். பின்னேர வெயில் பட்டால் தெரு முழுக்க மஞ்சள் பூசிக் குளித்தது போல நிற்கும். சந்துக்குள் சந்து. கார் போக இடமில்லை. சதுக்கத்தில் வெண்கலத்தில் மூன்று வாத்துச் சிலைகள். வாத்தும் அதைவிடச் சின்னத் தாராவும்தான் அந்த ஊரின் பிழைப்பு. கடைக்குக் கடை தகர டின்களில் அவற்றின் ஈரல்.

நாங்கள் கத்தோலிக்கர். புது ஊருக்குப் போனால் முதல் வேலை கோயிலுக்குப் போவது. நடுச் சதுக்கத்தில் ஒரு பழைய கல் கோயில், வாசலில் வானத்துக்கு உயர்ந்த இரும்புக் கதவுகள். றீற்றா தலைக்குச் சால்வை போட்டாள், சிலுவை அடையாளம் போட்டாள், தீர்த்தத் தொட்டியைத் தேடிக் கையை நீட்டியபடியே உள்ளே போனாள். நீட்டிய கையில் ஒருத்தி ஒரு துண்டுச் சீஸை வைத்தாள்.

அது கோயில் இல்லை, சந்தை. எப்போதோ கோயிலாக இருந்ததைச் சந்தையாக மாற்றிவிட்டார்கள். பீடம் இருக்க வேண்டிய பக்கம் பன்றித் தொடை தொங்கியது. "ஐயோ மாதாவே" என்றாள் றீற்றா. பிறகு அந்தச் சீஸை என்ன செய்வதென்று தெரியாமல் பக்தியோடு வாயில் போட்டுக்கொண்டாள். மெலனி சிரித்த சிரிப்பில் கடைக்காரியும் சிரித்தாள். கோபுரத்துக்குள் கண்ணாடியால் செய்த லிஃப்ட் இருக்கிறது. மேலே போனால் ஊரின் கூரையெல்லாம் காலடியில். "இந்த உயரத்திலயாவது செபிப்பம்" என்று றீற்றா அங்கே நின்று ஒரு அருள்நிறை மரியே சொன்னாள்.

மறுநாள் பெய்னாக் கோட்டை. செங்குத்துப் பாறையின் உச்சியில் நிற்கிறது. நான் நாள் முழுக்க பஸ் சீட்டில் இருந்து வேலை செய்கிறவன். பாதி ஏற்றத்திலேயே என் முழங்கால் 'இறங்கடா' என்றது. மெலனி கீழே இறங்கி வந்து என் கையைப் பிடித்து ஏற்றினாள். அவள் என் கையைப் பிடித்து எத்தனை வருசம் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். உச்சியில் காற்று அள்ளிக்கொண்டு போனது. கீழே தோர்தோன் ஆறு பச்சையாக வளைந்து கிடந்தது. "நாளைக்கு அதிலதான்" என்று விரலைக் காட்டினாள்.

4

படகு என்றால் ஏதோ மோட்டர் படகு என்று நினைத்தேன். கையால் வலிக்கிற பிளாஸ்டிக் கனூ. மெலனிக்குத் தனியாக ஒன்று, எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்று. லைஃப் ஜாக்கெட்டைக் கட்டியதும் றீற்றா, "பஸ் ஓட்டுறவருக்கு இது என்ன பெரிய வேலை" என்று முன்னால் ஏறி இருந்துவிட்டாள்.

லண்டன் தெருவில் மாடி பஸ்ஸை முழங்கை இடைவெளியில் திருப்புகிறவன் நான். அந்தக் கனூ என் சொல்லைக் கேட்கவே இல்லை. சுற்றியது. பின்பக்கமாகப் போனது. "வலப்பக்கம் வலியும்!" "வலப்பக்கம்தான் வலிக்கிறன்!" "உமக்கு வலம் எது எண்டு தெரியுமோ?" "ஸ்டியரிங் பிடிக்கிறது நீங்களோ நானோ?" கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் ஆசை தீரச் சண்டை பிடித்தது அந்த ஆற்றில்தான். எங்களைத் தாண்டிப் போன பிரெஞ்சுப் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

கடைசியில் களைத்துப்போய் இரண்டு பேரும் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்தோம். அப்போதுதான் படகு தானாக நேரே போகத் தொடங்கியது. ஒரு பக்கம் பாறைச் சுவர், அதன் அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு வரிசை வீடுகள். தண்ணீரில் அடிக் கல் தெரிந்தது. றீற்றா கையை ஆற்றில் விட்டபடி, "இப்பிடி ஒண்டும் செய்யாமல் ரெண்டு பேரும் ஒரு இடத்தில இருந்து எவ்வளவு காலமப்பா" என்றாள்.

உண்மைதான். என் ஷிப்ட் முடிந்து நான் வரும்போது அவள் போவாள். இருபத்தைந்து வருசத்தில் பாதியை நாங்கள் வாசலில்தான் வாழ்ந்தோம். ஆற்றுத் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டேன். நல்ல காலம், அவள் முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

மெலனி பக்கத்தில் வந்து ஒரு படம் எடுத்தாள். "அப்பா, நீங்கள் சிரிக்கிறீங்கள்" என்றாள், ஏதோ அதிசயம் கண்டது போல.

5

கெட்ட காலம் அன்று மத்தியானச் சாப்பாட்டில் வந்தது. மெலனி நனைந்த உடுப்பை மாற்ற ஹோட்டல் அறைக்குப் போய்விட்டாள். நாங்கள் இருவரும் ஒரு சின்ன உணவகத்தின் வெளி மேசையில் இருந்தோம். தாரா வந்தது. அதன் கொழுப்பிலேயே போட்டு மணிக்கணக்காக வேகவைத்த தாராக் கால்.

ரோல்ஸ் போன நாளிலிருந்து நாக்குச் செத்துக் கிடந்தது. சுற்றிவர வெள்ளைக்காரர், ஆருக்கு விளங்கப் போகிறது என்று நாங்கள் தாராளமாக வாயைத் திறந்தோம்.

"தாராவை எண்ணெய்க்குள்ள தாட்டு வைச்சிருக்கிறாங்கள்."

"உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. இந்த நாட்டில ஒரு மிளகாய்ச் செடி முளைக்காதோ?"

"சமைச்சவனைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேக்க வேணும்."

கொஞ்ச நேரத்தில் பக்கத்துச் சந்தால் ஒருவன் வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளை ஏப்ரன், கையில் துடைக்கிற துணி. முகம் முழுக்கச் சிரிப்பு. "அண்ணை, தமிழோ?" என்றான்.

மெலனியின் நிபந்தனை ஒரு பக்கம். 'எந்த இடம்?' என்று ஒருமுறை கேட்டால் போதும், மூன்றாவது கேள்வியில் சொந்தமாகிவிடுவோம், நாலாவதில் அவன் வீட்டுச் சோபா, ஐந்தாவதில் செய்தி பிலிப் அண்ணனுக்குப் போய்விடும். என் வாய் தானாகத் திறந்தது.

"நோ, நோ. மொரிஷியஸ்."

ஏன் மொரிஷியஸ்? எனக்கே தெரியாது. எங்களுடைய நிறத்தில் வேறு எந்த நாடும் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. மொரிஷியஸ்காரர் தாய்ப்பாலோடு பிரெஞ்சு குடிப்பவர்கள் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அவன் உடனே பிரெஞ்சில் தொடங்கிவிட்டான். கேள்வி மேல் கேள்வி. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு 'ஓம்' மட்டும். "வீ, வீ" என்றேன். எதற்கோ அவன் கண்ணை விரித்தான். அதற்கும் "வீ" என்றேன். றீற்றா தாரா எலும்பை எண்ணுவது போலக் குனிந்துவிட்டாள். அவன் சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. தலையை ஆட்டிவிட்டுச் சந்துக்குள் போய்விட்டான்.

பிறகு பரிமாறுகிற பெண் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கொண்டு வந்து வைத்தாள். நாங்கள் கேட்கவில்லை. வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கி, தேசிக்காய்ப் புளி விட்ட சம்பல்.

றீற்றா ஒரு விரல் தொட்டு வாயில் வைத்தாள். அவள் கண் நிறைந்தது. "உறைப்போ?" என்று கேட்டேன். "வெக்கம்" என்றாள்.

அந்த நேரம் மெலனி வந்தாள். கதிரையில் இருந்த கையோடு சம்பலைத் தொட்டுத் தின்றாள். "இது எங்கட சாப்பாடு. ஆர் செய்தது?"

மறைக்க முடியவில்லை. சொன்னேன்.

"மொரிஷியஸா? எனக்காகவா சொன்னீங்கள்?"

"உமக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தனான் பிள்ளை."

"அப்பா, சொந்தக்காரர் வீட்டை போகவேண்டாம் எண்டுதான் நான் சொன்னனான். நாங்கள் தமிழர் இல்லை எண்டு சொல்லச் சொன்னனானா?"

குரல் உடைந்து போய்க் கேட்டாள். லண்டனில் பிறந்தவள், தமிழில் ஒரு வரி எழுதத் தெரியாதவள். எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. அவள் எழுந்து அந்தச் சந்துக்குள் போனாள். திரும்பி வந்தபோது அந்தப் பெடியனைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"இவர் சதீஸ் அண்ணா. கேளுங்கோ அப்பா, உங்கட கேள்வியை."

நான் எழுந்து நின்றேன். "எந்த இடம் தம்பி?"

"பருத்தித்துறை, அண்ணை." சிரித்துவிட்டான். "நீங்கள் தாராவைப் பேசினது குசினி வரைக்கும் கேட்டது. அதைச் சமைச்சது நான்தான்."

"ஐயோ தம்பி!"

"அதைவிடுங்கோ. ரெண்டு வருசமா இந்தத் தெருவில ஒரு தமிழ்ச் சத்தம் கேக்கேல்லை. கேட்டவுடனை அடுப்பை அப்பிடியே விட்டிட்டு ஓடி வந்தனான்."

அவன் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னை மன்னியும் தம்பி" என்றேன். "சும்மா இருங்கோ அண்ணை" என்றான்.

அதற்கு முதல் எங்கே இருந்தாய் என்று றீற்றா கேட்டாள். "லா கூர்நேவில் அக்கா. பிலிப்பண்ணை எண்டு ஒருத்தர், அவர்தான் வந்த புதுசில தன்ர வீட்டில வைச்சுச் சோறு போட்டவர்."

றீற்றா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் சாய்ந்துவிட்டாள்.

6

மறுநாள் உணவகம் பூட்டு, அவனுக்கு லீவு. "வீட்டை வாங்கோ, ஆட்டிறைச்சி வாங்கிறன்" என்றான். மூன்று பேரும் மெலனியைப் பார்த்தோம்.

"வீட்டுக்குள்ள இருக்கேலாது" என்றாள் அவள். "சமைச்சுக்கொண்டு ஆத்தங்கரைக்கு வாங்கோ. நீங்கள் அந்தக் கோட்டையைப் பாத்திட்டீங்களா, அண்ணா?"

"ரோட்டால போகேக்கை கண்டிருக்கிறன் தங்கச்சி."

"ஆத்தில படகு?" என்றாள்.

"எங்களுக்கு எங்கை நேரம்?"

உலகமே வந்து பார்த்துப் போகிற ஊரில் இரண்டு வருசம். அவன் பார்த்தது குசினி மட்டும். எனக்கு நுவரெலியாவின் கறுப்புப் பூனை ஞாபகம் வந்தது.

அடுத்த நாள் கூழாங்கல் கரையில் பாயை விரித்தோம். புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும். சதீஸின் மனைவி துஷி, கையில் ஒரு வயதுக் குழந்தை. குழந்தையை றீற்றா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மெலனி துஷிக்கு லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக் கனூவில் ஏற்றினாள். துஷி கத்திய கத்தலில் எதிர்க்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்த கிழவர் எழுந்து பார்த்தார். வளைவில் திரும்பும்போது கத்தல் சிரிப்பாகிவிட்டது. "அவள் இப்பிடிச் சிரிச்சு நான் கேட்டு எவ்வளவு நாள் அண்ணை" என்றான் சதீஸ், கையில் கறிக் கரண்டியோடு.

புறப்படும்போது றீற்றா அவனிடம் ஒன்று கேட்டாள். "தம்பி, என்ர பிலிப் அண்ணைக்கு மட்டும் நாங்கள் வந்ததைச் சொல்லிப்போடாதையும்."

"என்னக்கா, நான் சொல்லுவனே?" என்றான்.

7

பிளேஸ்டோவுக்கு வந்து பெட்டியைத் திறக்கவில்லை, வீடியோக் கோல் வந்துவிட்டது. பிலிப் அண்ணன்.

"ஹலோ மொரிஷியஸ்! கரும்புத் தோட்டமெல்லாம் எப்பிடி?"

றீற்றா அழத் தொடங்கிவிட்டாள். "அண்ணை, அது வந்து..."

"என்னடி வந்து? வேல்ஸுக்கு எங்கட லா சப்பலாலயோ பாதை?" முதலில் பேசித் தீர்த்தார். பிறகு முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தார். "என்ர வீட்டை வராதது போகட்டும். அந்த வழியாலதானே போனியள். காரில ஒரு சீட் இருந்ததுதானே. என்னையும் ஏத்திக்கொண்டு போயிருக்கலாமே, றீற்றா. முப்பது வருசமா இந்த நாட்டில இருக்கிறன். நானும் ஒண்டும் பாக்கேல்லை."

அவர் வீட்டுச் சோபாவில் இருந்து எத்தனை ஆட்டிறைச்சிக் கறி சாப்பிட்டிருப்போம். ஒரு நாளாவது 'வாங்கோ அண்ணை, வெளியில போவம்' என்று சொல்லவில்லை.

மெலனி தாயின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"மாமா, அடுத்த வருசம் நாங்கள் திரும்பப் போறம். நீங்களும் வாறீங்கள். உங்களை நான் கனூவில ஏத்துறன்."

அடுத்த வருசம் என்றாள். நாங்கள் என்றாள். நான் பெட்டியின் பூட்டோடு மல்லுக்கட்டுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"வாறன் மோளை, வாறன்" என்றார் பிலிப் அண்ணன். உடனே ஒரு கவலை வந்துவிட்டது அவருக்கு. "அது சரி, அங்கை போனால் ஆரின்ர வீட்டில தங்கிறது?"

நானும் றீற்றாவும் மூச்சை அடக்கிக்கொண்டு மகளைப் பார்த்தோம். அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"என்ன கேள்வி மாமா இது? சதீஸ் அண்ணா வீட்டிலதான்."